ஆறு சமம் பூச்சியம்

ஐந்து, மூன்று. ஆறு, இரண்டு. இரண்டு, ஆறு. மூன்று வாரமாக இந்த மூன்று புள்ளிகளும் குழல்வாய்மொழியை விட்டபாடில்லை. பல் தேய்க்கும்போது வந்தன, பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்தன, இப்போது பல்கலைக்கழகத் தேர்வுத் துறையின் முதல் மாடித் தாழ்வாரத்தில், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறைக்கு வெளியே போட்டிருந்த இரும்பு பெஞ்சிலும் அவளுக்கு முன்னாலேயே வந்து இடம்பிடித்திருந்தன. பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் உள்ளே போய், பிழை என்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் வேலை, பத்து நிமிடம்கூட ஆகாது என்று வடிவு சொல்லியிருந்தாள். இப்போது மணி பத்து இருபது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டிக்கொண்டிருந்தது, அச்சு விலகிய விசிறி, மையம் நடுவில் இல்லாத எதுவும் இப்படித்தான் தட்டும் என்று நினைத்தாள், நினைத்தவுடன் மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டதை உணர்ந்தாள். இப்புள்ளிகள் வழிச்செல்லும் வட்டத்தின் சமன்பாட்டைக் காண்க. இளநிலை முதலாண்டு, பகுமுறை வடிவியல், பதினான்காம் கேள்வி, பத்து மதிப்பெண். இரண்டு புள்ளிகள் வழியே எண்ணில்லாத வட்டங்கள் போகும். மூன்றாவது புள்ளியை வைத்தால்தான் வட்டம் ஒன்றென்று தீரும். ஆனால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் வட்டமே கிடையாது. ஐந்தும் மூன்றும் எட்டு. ஆறும் இரண்டும் எட்டு. இரண்டும் ஆறும் எட்டு. மூன்றும் x + y = 8 என்ற கோட்டின் மேல் பள்ளிக்கூடத்து வரிசைபோல் நிற்கின்றன. கூட்டத் தெரிந்த குழந்தைக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் இதையே சொல்லிக்கொடுத்தவளுக்குத் தெரியாமல் போயிற்றா? போயிற்று என்று வடிவு சொன்னாள். வடிவு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சங்கரவடிவு. விடுதியில் ஒரே அறையில் இரண்டு வருடம், பிறகு ஒரே மகளிர் கல்லூரியில் முப்பது வருடம், இப்போது துறைத்தலைவி, வருகிற சூனில் முதல்வர் ஆகப்போகிறவள். வினாத்தாள் தயாரிக்கும் பணி பல்கலைக்கழகத்திலிருந்து வடிவின் பெயருக்குத்தான் வரும். விதி மிகத் தெளிவானது: தயாரிப்பவர் தம் கைப்பட எழுத வேண்டும், எவருக்கும் காட்டக் கூடாது, நகல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள், துறை அறையில், "ஏளா, இந்த ஒரு தடவை நீ போட்டுக் குடேன், எனக்குக் கமிட்டி வேலை கழுத்தை நெரிக்குது, நீ போட்டா கேள்வி அழகா இருக்கும்" என்றாள். அழகா இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குக் குழல்வாய்மொழி விழுந்தாள். ஒளிப்பானேன், குழந்தை மிட்டாய்க்கு விழுவதுபோல் விழுந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும் கேள்வியும் விடைக்குறிப்பும் அவள் எழுதுவாள், வடிவு தன் கையெழுத்தில் படியெடுத்து, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து அனுப்புவாள். விதியை மீறுகிறோம் என்பது தெரியாமல் இல்லை. மீறியவள் அதில் ஒரு பாதியை மட்டும் பத்தினிபோல் காப்பாற்றினாள்: நகல் வைத்துக்கொள்ளவில்லை. வரைவுத் தாளைக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கூழாக்கிக் கொட்டினாள். ஆகவே இப்போது அவளிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. இருந்ததெல்லாம் நினைவு. மையம் (2, −1), ஆரம் ஐந்து என்று நினைவு சொன்னது. மூன்றாவது புள்ளி (2, −6) என்று சொன்னது. அந்த ஆறுக்கு முன்னால் ஒரு சிறு கோடு, நகத்தின் பிறைபோல ஒரு கோடு இருந்தது என்று சத்தியம் செய்தது. ஆனால் நினைவு செய்யும் சத்தியத்துக்கு என்ன மதிப்பு? அப்பாவும் சத்தியம் செய்தார்.

அப்பா தொலைபேசி நிலையத்தில் இருந்தவர், ஊரின் நானூறு எண்களையும் புத்தகம் பாராமல் சொன்னவர், ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு மதியம் தன் வீட்டு எண்ணைச் சொல்லும்போது ஒரு இலக்கத்தை விட்டார். நான் சரியாகத்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்தார். நான்கு வருடம் கழித்து அவளையே "டீச்சரம்மா, எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதை, அதுதான் தாங்கவில்லை. அவளுக்கு இப்போது ஐம்பத்தாறு. தேர்வு முடிந்த அன்று மாலை வடிவு தொலைபேசியில், குரலைத் தாழ்த்தி, "பிள்ள, கோவிச்சுக்காதே, பதினாலாவது கணக்கில நீ மைனஸ் போடாம குடுத்திட்டே. நானும் பார்க்காம அப்படியே எழுதிட்டேன். பிள்ளைக எல்லாம் அழுதுக்கிட்டு வெளியே வந்திருக்கு" என்றபோது குழல்வாய்மொழிக்கு முதலில் கேட்டது வடிவின் குரல் இல்லை, விட்டுப்போன அந்த ஒற்றை இலக்கம். வந்துவிட்டது, என்று நினைத்தாள். இப்படித்தான் வரும், ஒரு சிறு கோடாக வரும். அன்றிலிருந்து அடுப்பை அணைத்தேனா என்று மூன்றுமுறை திரும்பிப்போய்ப் பார்த்தாள். வகுப்பில் கரும்பலகையில் எழுதியதைப் பின்னால் நகர்ந்து நின்று, திருடியைக் காவல்காரன் பார்ப்பதுபோலத் தன் கையைத் தானே பார்த்தாள். தேர்வில் அந்தக் கணக்கைப் போட்ட பெண்களையும் நினைத்தாள். நேர்மையாகப் போட்டவளுக்கு என்ன கிடைத்திருக்கும்? x² + y² + 2gx + 2fy + c = 0 என்று எழுதியிருப்பாள். மூன்று புள்ளிகளையும் பிரதியிட்டிருப்பாள். 34 + 10g + 6f + c, 40 + 12g + 4f + c, 40 + 4g + 12f + c. கழித்திருப்பாள். மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் g-யும் f-உம் ஒன்றென்று வரும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து அதைப் போட்டால் g-யும் f-உம் ஒன்றையொன்று தின்று மறைந்துபோய், தாளில் மிஞ்சுவது ஆறு சமம் பூச்சியம். ஆறு எப்படிப் பூச்சியமாகும்? எங்கோ தப்பு என்று அழித்திருப்பாள். மறுபடியும் போட்டிருப்பாள். மறுபடியும் ஆறு சமம் பூச்சியம். தப்பு தன்னுடையது என்று நம்புகிறவள்தான் திரும்பத் திரும்பப் போடுவாள், தாள் கிழியும்வரை.

நரம்பு மருத்துவரிடம் போகலாம் என்று சொன்னதும் வடிவுதான். தனியாகப் போகாதே, நான் வாரேன் என்று விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள், மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஆட்டோவில் அவளுடைய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மருத்துவர் சின்னப் பெண், தன் மாணவியின் வயதுதான் இருக்கும். "அம்மா, இந்தத் தாளில ஒரு வட்டம் போடுங்க, கடிகாரம் மாதிரி. பதினொண்ணு பத்துன்னு முள் காட்டணும்" என்றாள். வட்டம் போடச் சொல்கிறாள்! எந்த மையத்தில், எந்த ஆரத்தில் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, கேட்டால் அதையும் நோயென்று குறித்துக்கொள்வாளோ என்ற பயம். கோடு புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை, ஓர் அரிசி அளவு இடைவெளி. அந்த இடைவெளியை மூடலாமா, மூடினால் ஏமாற்றுவதாகுமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடிவு குனிந்து, "விடும்மா, கவராயம் இல்லாம யாரு போட்டாலும் அப்படித்தான்" என்று சிரித்தாள், மருத்துவரும் சிரித்தாள், அவளும் சிரித்தாள். ஒரு குறையும் இல்லை, பயந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான், ஆனாலும் மனத்தேறுதலுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டை வடிவுதான் வாங்கிப் பையில் பத்திரமாக வைத்தாள். வெளியே வந்து இளநீர் வாங்கிக் கொடுத்தாள். இப்படியொருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தோம் என்று குழல்வாய்மொழி, இளநீரை மார்பில் சிந்திக்கொண்டு, கண் கலங்கினாள். கலங்கினாள்! புண்ணியம்!

ஆனால் அந்தக் கசப்பு பிறகு வந்தது. இப்போது பத்து முப்பத்தைந்து, அவள் இன்னும் நன்றியோடுதான் உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்து ஓர் உதவியாளர் பெண் வந்து, "மேடம், சாரைப் பார்க்குறதுக்கு முன்னால இதைப் படிச்சுப் பார்த்ததா ஒரு கையெழுத்து வேணும். நடைமுறைதான்" என்று ஒரு கோப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். நீலநிற அட்டை, மூலையில் நாடா. முதலில் அச்சான வினாத்தாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் புரட்டினாள். அடுத்தது வடிவின் கையெழுத்தில் விடைக்குறிப்பு. அந்தச் சாய்ந்த, கொழுத்த எழுத்து. பதினான்கு. வட்டத்தின் பொதுச் சமன்பாடு. (5, 3)-ஐப் பிரதியிட. (6, 2)-ஐப் பிரதியிட. அடுத்த வரியில் விரல் நின்றது. 40 + 4g − 12f + c = 0. விரலை எடுத்துவிட்டுப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைப் புடவை நுனியில் துடைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு f-க்கு முன்னால் கழித்தல் குறி. ஆறு நேர்மறையாக இருந்தால் அங்கே கூட்டல் வரவேண்டும். கழித்தல் வரவேண்டுமென்றால் ஆறு எதிர்மறையாக இருந்திருக்க வேண்டும். கீழே f = 1, g = −2, c = −20. கடைசி வரி x² + y² − 4x + 2y − 20 = 0. மையம் (2, −1). ஆரம் ஐந்து. அவளுடைய வட்டம். அரிசி அளவு இடைவெளியும் இல்லாமல் மூடிய வட்டம். புள்ளி ஒவ்வொன்றையும் உள்ளே வைத்துப் பார்த்தாள், உதடு அசைய: இருபத்தைந்தும் ஒன்பதும் முப்பத்துநான்கு, இருபது போக, ஆறு சேர, இருபது போக, பூச்சியம். முப்பத்தாறும் நான்கும் நாற்பது, இருபத்துநான்கு போக, நான்கு சேர, இருபது போக, பூச்சியம். நான்கும் முப்பத்தாறும் நாற்பது, எட்டுப் போக, பன்னிரண்டு போக, இருபது போக, பூச்சியம். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். அப்பா, எனக்கு வரவில்லை. நான் எழுதினேன், அந்தக் கோட்டை நான் எழுதினேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு விடை சரியாக வந்ததற்காக அவள் அழுததில்லை. இப்போது மூக்கு நீர் கோப்பின்மேல் விழாமல் தலையைத் தூக்கிக்கொண்டாள். பாவம் வடிவு, கேள்வியைப் படியெடுக்கும்போது கை தவறியிருக்கிறாள், பயத்தில் என்மேல் போட்டிருக்கிறாள், மனிதர்தானே. இந்த அளவுக்கு மன்னித்தபடியே அடுத்த தாளைப் புரட்டினாள்.

அடுத்தது வடிவின் விளக்கக் கடிதம். தட்டச்சு செய்தது. எனது அலுவல் மிகுதியால் துறைப் பேராசிரியை ஒருவரின் உதவியை நாடியது உண்மை. மேற்படியாரின் நினைவாற்றல் அண்மைக் காலமாகக் குன்றிவருவதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. இத்துடன் இணைத்துள்ள மருத்துவச் சான்றைக் கனிவுடன் பரிசீலிக்க. நான்காம் தேதி, சனிக்கிழமை. அதற்குப் பின்னால், ஊக்கால் குத்தி, நரம்பு மருத்துவர் எழுதிய சீட்டின் நகல். நோயாளியின் பெயர், வயது 56, நினைவிழப்பு குறித்த ஐயம், ஸ்கேன் பரிந்துரை. குறையில்லை என்று அந்தப் பெண் வாயால் சொன்னாள். வாயால் சொன்னதற்கு நகல் எடுக்க முடியாது. மூன்றாம் தேதி மருத்துவமனை. நான்காம் தேதி கடிதம். வெள்ளிக்கிழமை இளநீர். சனிக்கிழமை ஊக்கு. குழல்வாய்மொழிக்குக் கோபம் வரவில்லை. மின்விசிறி தட்டுவது கேட்டது, எங்கேயோ பசை காய்ச்சும் வாடை வந்தது. ஆட்டோவில் என் கையை மடியில் வைத்திருந்தாளே, அப்போது அந்தக் கை அவளுக்குக் கனக்கவில்லையா? கவராயம் இல்லாமல் யார் போட்டாலும் அப்படித்தான். சிரித்தோம், மூன்று பேரும் சிரித்தோம். ஒருவேளை அப்போது அவளுக்கே தெரியாதோ? கை தவறியது தெரியாமலே என்னைச் சந்தேகித்தாளோ? அப்படி இருக்கட்டும். கடவுளே, அப்படியே இருக்கட்டும். தெரியாமல் செய்திருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறேன்.

"வந்துட்டியாளா? காரை நிறுத்த எடமில்லாம ரெண்டு சுத்து சுத்திட்டு வாரேன்" என்று படியேறி மூச்சிரைக்க வந்த வடிவு, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். மாம்பழ நிறப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. "சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஃபைலைக் குடுத்தாங்க. படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"ஊக்குக் குத்தியிருக்கிற சீட்டு வரைக்கும்."

வடிவு கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "உன் நல்லதுக்குத்தான் வச்சேன். உடம்பு முடியாதவன்னா ஒண்ணும் செய்ய மாட்டாங்க. எச்சரிக்கைக் கடிதத்தோட போயிரும். எனக்குச் சூன்ல ஆர்டர் வரணும்லா, இந்த நேரத்தில என் பேரு அடிபட்டா எப்படி? நீ என்ன, ரெண்டு வருஷத்தில ரிட்டயர்டு."

"மைனஸ் எங்கே போச்சு வடிவு?"

"அதான் சொன்னேன்லா, நீ எழுதின தாள்ல—"

"என் தாளைப் பார்த்துத்தானே விடைக்குறிப்பும் எழுதின? அதுல இருக்கு. உன் கையெழுத்திலயே இருக்கு. கேள்வியில மட்டும் எப்படி இல்லாமப் போச்சு? கை தவறிச்சா? தவறிச்சுன்னு சொல்லு. போதும், நான் உள்ள போயி என் பேர்லயே எழுதிக் குடுத்துட்டு வாரேன்."

கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தை வடிவு பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. குழல்வாய்மொழி அந்தப் பொய்க்காகக் காத்திருந்தாள், கையேந்திக் காத்திருந்தாள்.

"தவறல," என்றாள் வடிவு. "எடுத்தேன். எழுதிக்கிட்டிருக்கும்போது ஒரு எரிச்சல். வருஷம் வருஷம் உனக்கு எழுத்தர் வேலை பார்த்துக்கிட்டிருக்கேன்னு தோணிச்சு. பேரு என்னுது, கணக்கு பூரா உன்னுது. ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டுமேன்னு அந்தக் கோட்டை எடுத்தேன். ஒரு குறியை மாத்தினா வேற வட்டம் வரும், அவ்வளவுதானேன்னு நினைச்சேன்."

"போட்டுப் பார்த்தியா?"

"நான் கணக்குப் போட்டு ஆறு வருஷம் ஆச்சுளா."

"விடையை மாத்தணும்னுகூடத் தோணலையா?"

"விடைக்குறிப்பை முந்தின நாளே எழுதி முடிச்சிட்டேன்." சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் சிரித்தாள், மாணவியைப்போல.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"பரீட்சையன்னைக்கே."

"அப்போ ஆஸ்பத்திரியில?"

வடிவு கழுத்து அட்டையைத் திருப்பி நேராக்கினாள். பிறகு, பதிலைவிட மோசமாக, "பயந்தது நீ. கூட வந்தது நான்" என்றாள்.

பயந்தது நான், கூட வந்தது நீ. இரண்டும் மெய். மெய்யான இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவ்வளவு பெரிய பொய்யைக் கட்ட முடியும் என்பதை எந்தப் பாடநூலும் சொல்லித்தரவில்லை. திருடியிருந்தால் பொறுத்திருப்பேன், என்று நினைத்தாள். பழியைப் போட்டதைக்கூட, முதல்வர் நாற்காலிக்காக என்று விட்டிருப்பேன். நீ என் தலைக்குள் வந்து கை வைத்தாய். அப்பாவைப் பற்றி உனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். விட்டுப்போன இலக்கத்தைப் பற்றி, டீச்சரம்மா எந்த ஊரு என்றதைப் பற்றி, விடுதி மொட்டைமாடியில் அல்ல, பெரிய கதையாக அல்ல, துறை அறையில் டீ குடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் சொன்னேன். அதை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து, சரியான நேரத்தில் பிரதியிட்டாய். கணக்கு மறந்துவிட்டது என்கிறாய். எந்த மதிப்பை எங்கே பிரதியிட்டால் நான் பூச்சியமாவேன் என்பது மட்டும் உனக்கு மறக்கவில்லை. மூன்று வாரம் நான் என் கையைச் சந்தேகித்தேன். மூன்று வாரம் அடுப்பு, கதவு, சாவி. மூன்று வாரமாக நானும் அந்தப் பெண்களைப்போல அழித்து அழித்துப் போட்டேன், தப்பு கேள்வியில் இருந்தது.

"மேடம், ரெண்டு பேரையும் கூப்பிடுதாங்க" என்றாள் உதவியாளர் பெண்.

அறைக்குள் குளிரூட்டி மெல்ல உறுமியது. கட்டுப்பாட்டு அலுவலர் அருணகிரி நல்ல மனிதர், தகராறு பிடிக்காதவர், கையில் உருட்டிய தாளோடு எழுந்து நின்றே வரவேற்றார். இருவரையும் உட்காரச் சொன்னார். கோப்பைத் திறந்து விடைக்குறிப்பின் மேல் பென்சிலால் தட்டினார். "நானும் கணக்குப் படிச்சவன்தாம்மா. இது இங்க சரியா இருக்கு, அங்க தப்பா இருக்கு. அந்த மருத்துவச் சீட்டெல்லாம் தேவையே இல்லை, எடுத்திடலாம். படியெடுக்கும்போது குறி விட்டுப்போச்சு, எழுத்துப் பிழைன்னு ஒரு வரி போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பிள்ளைகளுக்கு முழு மார்க் குடுத்தாச்சு. யாருக்கும் எதுவும் ஆகாது."

"அதுதான் நல்லது சார்," என்றாள் வடிவு உடனே. தட்டச்சு செய்த தாள் மேசைமேல் தயாராக இருந்தது. குழல்வாய்மொழி படித்தாள். எழுத்துப் பிழை. அழகான சொல், யாரையும் தொடாத சொல். கையெழுத்துப் போட்டால் சூனில் ஒருத்தி முதல்வர் ஆவாள், இன்னொருத்தி இரண்டு வருடம் கழித்து மாலையோடு வீடு போவாள், நினைவு சரியாக இருக்கிறது என்பது தனக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதியாக. போதாதா? போதும் என்று மூட்டுவலி சொன்னது, ஓய்வூதியம் சொன்னது, ஐம்பத்தாறு வயது சொன்னது. பேனாவைத் திறந்தாள். ஆறு சமம் பூச்சியம் என்று எழுதி அதன்கீழ் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று தோன்றியது.

"இது எழுத்துப் பிழை இல்லை சார். தெரிஞ்சு எடுத்த குறி. அதை எடுத்தது நான் இல்லை. மத்த எல்லாக் கேள்வியும் நான் எழுதினது. இந்த வருஷம் மட்டும் இல்லை, ஆறு வருஷமா."

அருணகிரி உருட்டிய தாளை மேசையில் வைத்தார். "மேடம், என்ன சொல்லுதீங்கன்னு யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தாள்னா எச்சரிக்கை. ஆறு வருஷம்னா விசாரணைக் குழு. ரெண்டு பேரையும் தேர்வுப் பணியிலிருந்து நிரந்தரமா நீக்குவாங்க. உங்க கல்லூரிக்கும் எழுதுவாங்க."

"எழுதணும் சார். நானும் விதியை மீறினவதான்."

"ஏளா, கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?" என்றாள் வடிவு.

"இல்லைன்னு டாக்டர் சொன்னாங்களே. நீ பக்கத்திலதானே இருந்த."

யாரும் சிரிக்கவில்லை. குழல்வாய்மொழி தட்டச்சுத் தாளைத் திருப்பி நகர்த்திவிட்டு ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். அருணகிரி இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் இடது ஓரத்தில் விளிம்புக்கு இடம் விட்டு, தேதியிட்டு, தன் முழுப் பெயரை எழுதி, அதன்கீழ் முதல் வரியைத் தொடங்கினாள். நேரான, மெலிந்த, சற்று இடைவெளி விட்ட எழுத்து. ஆறு வருடமாக இந்த அலுவலகத்துக்கு அவள் அனுப்பியதெல்லாம் இன்னொருத்தியின் கையெழுத்தில்தான் வந்து சேர்ந்திருந்தது. அவளுடைய கையெழுத்து எப்படி இருக்கும் என்பதை அருணகிரி இப்போதுதான், தலைகீழாக, மேசையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.